மூன்று கைகளை மறந்த புத்தகம்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருடம், எங்கள் பிரிவின் மேலாளர் ஆளுக்கொரு புத்தகம் வாங்கிக் கொடுத்தார். மைக்கேல் லூயிஸ் எழுதி 2003இல் வெளிவந்த ‘மணிபால்’. பினாங்கில் சிப் சோதிக்கிற எங்களுக்கும் அமெரிக்க பேஸ்பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. ஓசியில் வந்த புத்தகத்தை யார் கேள்வி கேட்பது? முதல் பக்கத்தில் ‘தரவை நம்பு’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தார். இரண்டே நாளில் படித்து முடித்தேன். சும்மா சொல்லக்கூடாது, ஒரு அபுனைவு நூல் அந்த வேகத்தில் என்னை இழுத்துக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை. பல்கலைக்கழகத்தில் நான்கு வருடம் படித்த புள்ளியியலுக்கு ஒரு கதாநாயகன் கிடைத்துவிட்டான் என்றுகூடத் தோன்றியது.

இந்த வருடம் மறுபடி படித்தேன். வேகம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் நடுவில் ஒரு பெரிய ஓட்டை தெரிந்தது. முதல் வாசிப்பில் அது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று என்மீதே கோபம்.

தெரியாதவர்களுக்குக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓக்லாந்து அத்லெட்டிக்ஸ் ஒரு ஏழைக் குழு. 2002இல் அவர்கள் ஆட்டக்காரர்களுக்குக் கொடுத்த மொத்தச் சம்பளம் சுமார் 4 கோடி டாலர். நியூ யார்க் யாங்கீஸ் 12 கோடிக்கு மேல் கொடுத்தது. அந்தப் பருவத்தில் இரண்டு குழுக்களுமே 103 ஆட்டங்களில் வென்றன. ஓக்லாந்து தொடர்ச்சியாக 20 ஆட்டங்களை வென்று சாதனையும் வைத்தது. எப்படி? பொது மேலாளர் பில்லி பீன் மற்ற குழுக்கள் மதிக்காத திறமைகளை மலிவாக வாங்கினார், அழகான உடம்பையும் ஓட்டத்தையும் பார்க்காமல் எண்களைப் பார்த்தார் என்பது லூயிஸின் பதில். 2011இல் பிராட் பிட் நடித்து படமாகவும் வந்தது. நம்மில் பலர் படத்தைத்தான் பார்த்திருப்போம்.

இப்போது ஓட்டைக்கு வருகிறேன்.

பேஸ்பாலில் பிட்ச்சர்தான் ஆட்டத்தைத் தொடங்குபவர். என் அக்கா இடைநிலைப்பள்ளியில் சாஃப்ட்பால் ஆடியதால் இந்த ஒரு விஷயம் எனக்குச் சின்ன வயதிலேயே தெரியும். மற்ற எட்டுப் பேர் பந்து வரும்வரை காத்திருப்பார்கள், பிட்ச்சர் மட்டும் ஒவ்வொரு பந்துக்கும் உழைக்க வேண்டும். அக்காவின் பள்ளியில் ஒழுங்காகப் போடத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். மாவட்டப் போட்டி வந்தால் காலையிலும் அவள், மாலையிலும் அவள். “கை வலிக்கலையா?” என்று அம்மா கேட்டால், “வலிக்குதுன்னு சொன்னா வேற யாரும்மா போடுவா?” என்பாள். தொழில்முறை ஆட்டத்தில் ஒரே ஆள் தினமும் போட முடியாது. ஐந்து பேர் முறை வைத்து, ஐந்து நாளுக்கு ஒருமுறை போடுவார்கள். ஒரு குழுவின் எதிர்காலம் என்று அங்கே பேசப்படுவதில் பெரும்பங்கு இந்த ஐந்து இளைஞர்களின் கைகளைப் பற்றிய பேச்சுதான்.

2002இன் ஓக்லாந்தில் அந்த ஐந்தில் மூவர் டிம் ஹட்சன், மார்க் மல்டர், பேரி ஸீட்டோ. மூவருக்கும் வயது இருபதுகளின் நடுவில். அந்தப் பருவத்தில் ஸீட்டோ 23 ஆட்டங்களை வென்று, தன் பிரிவின் சிறந்த பிட்ச்சருக்கான சை யங் விருதை வாங்கினார். மல்டருக்கு 19, ஹட்சனுக்கு 15. கூட்டினால் 57. குழு வென்ற 103இல் பாதிக்கு மேல். தரவை நம்பச் சொல்கிற ஒரு புத்தகத்தில் இந்த மூன்று எண்களும் மையத்தில் இருந்திருக்க வேண்டும் இல்லையா? லூயிஸ் அவர்களை ஓரமாகத் தொட்டுவிட்டுப் போகிறார். ஸீட்டோவின் பந்தில் வேகம் போதாது என்று மற்றவர்கள் தயங்கிய கதை வருகிறது. சாட் பிராட்ஃபோர்ட் என்ற, தரையை உரசுகிற மாதிரி கையைக் கொண்டுவந்து எறிகிற உதவிப் பிட்ச்சருக்கு ஒரு முழு அத்தியாயமே இருக்கிறது. புத்தகத்தின் நல்ல அத்தியாயங்களில் அதுவும் ஒன்று. ஆனால் வெற்றியைத் தோளில் சுமந்த மூவர் கதையில் பாத்திரங்களாகவே ஆகவில்லை. படம் இன்னும் மோசம்.

காரணத்தை ஊகிப்பது கடினமில்லை. மல்டர் 1998இல் நாட்டிலேயே இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். ஆறரை அடி உயரம், இடது கை, ஸ்கவுட் என்கிற திறமை தேடும் கிழவர்கள் கனவில் காண்கிற உடம்பு. ஸீட்டோ 1999இல் ஒன்பதாவது தேர்வு. மதிக்கப்படாத ஆட்களை எண்களால் கண்டெடுத்தோம் என்ற கதைக்குள் இவர்களை எங்கே வைப்பது? ஆறாவது சுற்றில் எடுக்கப்பட்ட, உயரம் குறைந்த ஹட்சனை வேண்டுமானால் வைக்கலாம். லூயிஸ் பொய் சொன்னார் என்று நான் சொல்லவில்லை. கதைக்குப் பொருந்தாததை வெளிச்சத்திலிருந்து நகர்த்தி வைத்தார். நாவலாசிரியன் இதைச் செய்தால் அது அவன் உரிமை. தரவைப் பற்றி எழுதுகிறவன் செய்தால் அதைக் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் என்னுடைய பெரிய குறை இது அல்ல. ‘மணிபால்’ அடிப்படையில் இளைஞர்களை மதிப்பிடுவதைப் பற்றிய புத்தகம். அதன் உயிர் 2002 ஜூன் மாத டிராஃப்ட் அறையில் இருக்கிறது. பள்ளியிலிருந்தும் கல்லூரியிலிருந்தும் வருகிற புதியவர்களைக் குழுக்கள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கிற நாள் அது. கிழட்டு ஸ்கவுட்கள் ஒரு பக்கம், மடிக்கணினியோடு ஹார்வர்ட் பட்டதாரி ஒருவர் மறுபக்கம். அங்கே வைக்கப்படும் விதிகளில் மிக உறுதியானது: பள்ளியிலிருந்து நேராக வருகிற பிட்ச்சரை முதல் சுற்றில் எடுக்காதே. அதற்கு முந்தைய வருடம் ஓக்லாந்தின் ஸ்கவுட் தலைவர் ஜெரமி பாண்டர்மன் என்ற பள்ளிக்கூடப் பையனை எடுத்தபோது பீன் நாற்காலியைத் தூக்கிச் சுவரில் அடித்தார் என்று படிக்கையில் நானும் கைதட்டினேன்.

விதியின் பின்னால் நியாயம் இருக்கிறது. பதினெட்டு வயதுப் பையனின் உடம்பு இன்னும் வளர்ந்து முடியவில்லை. அவன் ஜெயித்ததெல்லாம் பள்ளிப் பையன்களிடம். வேகத்தை மட்டும் ஒரு கருவி காட்டிவிடும், அந்த எண் எல்லோரையும் மயக்கிவிடும். கல்லூரி ஆட்டக்காரனுக்கு மூன்று வருடம் கூடுதல் தரவு. பொறியியலாளனாக எனக்கு இதில் சண்டை இல்லை. மாதிரி அதிகமானால் பிழை குறையும்.

சரி, அந்த 2002 டிராஃப்டில் என்னதான் நடந்தது? ஆறாவதாக ஸாக் கிரெய்ன்கி, பள்ளி. 225 ஆட்டங்களை வென்றார், சை யங் வாங்கினார். பதினைந்தாவதாக ஸ்காட் காஸ்மிர், பள்ளி. பதினேழாவதாக கோல் ஹாமல்ஸ், பள்ளி. அதுவும் பள்ளியிலேயே எறிகிற கையின் எலும்பை உடைத்துக்கொண்டவர். 163 வெற்றிகள், 2008 உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர். ஓக்லாந்து 24ஆவதாகக் கல்லூரி பிட்ச்சர் ஜோ பிளான்டனை எடுத்தது. அடுத்த இடத்தில், 25ஆவதாக, வளைகுடாவின் மறுகரையில் இருக்கிற சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் மேட் கெய்ன் என்ற பள்ளிப் பையனை எடுத்தது. கெய்ன் பத்து வருடம் கழித்து, 2012இல், ஒரு எதிரணி ஆளைக்கூட முதல் தளத்தை அடைய விடாத முழுநிறைவு ஆட்டம் ஒன்றை எறிந்தார். நாட்டின் முதல் தேர்வாக அந்த வருடம் எடுக்கப்பட்டது யார்? பிரையன் புல்லிங்டன், கல்லூரி பிட்ச்சர். மேல்மட்ட லீகில் அவர் மொத்தமாக வென்றது ஒரே ஒரு ஆட்டம்.

இங்கே நிறுத்தினால் நானும் லூயிஸ் செய்ததைத்தான் செய்தவனாவேன். எனக்குப் பிடித்த பெயர்களை வரிசையாக வைத்துவிட்டு ‘பார்த்தியா’ என்பது எளிது. ஹூஸ்டனில் சைப்ரஸ் ஃபால்ஸ் என்று ஒரு பள்ளி. காஸ்மிர் அங்கே படித்தவர். அதே பள்ளியிலிருந்து, அதே வருடம், காஸ்மிருக்கும் முன்னால், ஐந்தாவது தேர்வாக எடுக்கப்பட்டவர் கிளின்ட் எவர்ட்ஸ். அவருக்கு முழங்கை போனது, அறுவை சிகிச்சை நடந்தது, மேல்மட்ட லீகில் ஒரு பந்துகூட எறியாமலேயே முடிந்தது. ஒரே மைதானம், ஒரே பயிற்சி, ஒரே வெயில். விதி எந்தப் பக்கம் நிற்கிறது? பள்ளிக்கூட பிட்ச்சர்களில் எவர்ட்ஸ் மாதிரி முடிந்தவர்கள் நிறையப் பேர். அவர்கள் பெயர் நமக்கு வராது. ஆகவே பீனின் விதி சராசரியாகத் தப்பு என்று நான் நிரூபித்துவிடவில்லை. என் வருத்தம், சராசரியைப் பற்றிய ஒரு விதியை லூயிஸ் ஆட்களைப் பற்றிய நகைச்சுவையாக மாற்றிவிட்டார் என்பதுதான். அறையில் இருந்த கிழவர்கள் முட்டாள்கள், நாம் புத்திசாலிகள் என்ற அந்தச் சுகத்தில்தான் நானும் இரண்டு நாளில் படித்து முடித்தேன்.

பாண்டர்மன் என்ன ஆனார் என்பது இன்னும் சுவாரசியம். ஓக்லாந்து அவரை 2002லேயே டெட்ராய்ட்டுக்குத் தள்ளிவிட்டது. 2003இல், புத்தகம் கடைக்கு வந்த அதே வருடம், இருபது வயதில் 19 ஆட்டங்களில் தோற்றார். பீன் சொன்னது சரி. 2006 அக்டோபரில், பிளேஆஃப் சுற்றில் யாங்கீஸை வெளியேற்றிய ஆட்டத்தில், முதல் ஐந்து இன்னிங்ஸில் ஒருவரைக்கூடத் தளத்தை அடைய விடவில்லை. அடுத்த சுற்றில் டெட்ராய்ட் நேர் நான்கில் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பிய குழு எது தெரியுமா? ஓக்லாந்துதான். கடைசி ஆட்டத்தைத் தொடங்கியவர் பாண்டர்மன். ஆக, பீன் சொன்னது தப்பு. 2008இல் அவர் உடம்பில் இரத்தம் கட்டி அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு பழைய பாண்டர்மன் திரும்பவே இல்லை. கணக்கை மூடும்போது வெற்றியைவிடத் தோல்வி அதிகம். மறுபடியும் பீன் சரி! தீர்ப்பை எந்த வருடம் எழுதுகிறோம் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது. ‘மணிபால்’ தன் தீர்ப்புகளை எல்லாம் ஒரே வருடத்தில் எழுதிவிட்டு அச்சுக்குப் போய்விட்டது. கடைசிப் பக்கங்களில் பெருமையோடு நிற்கிற குண்டு உடம்புக்காரர் ஜெரமி பிரவுன் மேல்மட்டத்தில் ஆடியது வெறும் ஐந்து ஆட்டம்.

நம் இலக்கியச் சூழலில் முதல் தொகுப்பு வந்த கையோடு ‘நாளைய நம்பிக்கை’ என்று பின்னட்டையில் எழுதிக்கொடுக்கிறோமே, அதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொண்டேன். நான்கூட ஒருவருக்கு எழுதிக்கொடுத்திருக்கிறேன். அவர் இப்போது எழுதுவதில்லை. இருக்கட்டும்.

ஒரு ஆளை மதிப்பிடுவதே இப்படி என்றால், இளம் பிட்ச்சர்களின் ஒரு முழு வரிசையை மதிப்பிடுவது எப்படி? இந்தக் கேள்விக்கு ‘மணிபால்’ முகம் கொடுக்கவே இல்லை. கொடுத்திருந்தால் அதற்கு முன்னால் நடந்த இரண்டு கதைகளை எடுத்திருக்க வேண்டும்.

முதலாவது அட்லான்டா. 1991இல் அங்கே மூன்று இளைஞர்கள். டாம் கிளாவினுக்கு 25 வயது, ஜான் ஸ்மோல்ட்ஸுக்கு 24, ஸ்டீவ் ஏவரிக்கு 21. அன்றைக்கு யாரைக் கேட்டாலும் விரல் ஏவரி பக்கம்தான் நீண்டிருக்கும். அந்த வருடம் 18 வெற்றிகள், தேசிய லீக் இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது. 23 வயதுக்குள் 50 ஆட்டங்களை வென்றுவிட்டார். அதே 1991இன் முதல் பாதியில் ஸ்மோல்ட்ஸின் கணக்கு 2 வெற்றி, 11 தோல்வி. இரண்டாம் பாதியில் அவரே 12 வெற்றி, 2 தோல்வி. 1993 செப்டம்பரில் ஏவரியின் அக்குள் பக்கத்துத் தசை இழுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அவர் எந்த வருடமும் பழைய உயரத்தைத் தொடவில்லை. மொத்தம் 96 வெற்றிகளோடு நின்றார். கிளாவின் 305. ஸ்மோல்ட்ஸ் 213 வெற்றிகள், அதோடு நடுவில் சில வருடம் ஆட்டத்தை முடித்துவைக்கிற வேலை பார்த்து 154 ஆட்டங்களைக் காப்பாற்றினார். இருவரும் இப்போது ஹால் ஆஃப் ஃபேமில்.

இரண்டாவது நியூ யார்க் மெட்ஸ். 1995 வாக்கில் ‘ஜெனரேஷன் கே’ என்று பெயர் வைத்து மூவரைக் கொண்டாடினார்கள். பால் வில்சன் 1994இல் நாட்டின் முதல் தேர்வு. பில் பல்சிஃபர். ஜேசன் இஸ்ரிங்ஹவுசன். பல்சிஃபரின் முழங்கை போனது, வில்சனின் தோள் போனது, இஸ்ரிங்ஹவுசனுக்கு இரண்டும் போனதோடு காசநோயும் வந்தது. மூவரும் ஒரே வரிசையில் ஒரு சுற்றுகூட எறிந்ததில்லை. போஸ்டர் மட்டும் மிச்சம். மூவரில் நெடுநாள் நின்றது யார் என்றால் 44ஆவது சுற்றில் எடுக்கப்பட்ட இஸ்ரிங்ஹவுசன். 44! ஒரு குழு அந்தச் சுற்றுக்கு வரும்போது பாதிப் பேர் அறையைவிட்டு எழுந்து போயிருப்பார்கள். அவர் ஆட்டத்தை முடித்துவைக்கிற பிட்ச்சராக மாறி 300 ஆட்டங்களைக் காப்பாற்றினார். அந்த வேலையை அவர் கற்றுக்கொண்ட இடம் ஓக்லாந்து. ‘மணிபால்’ தொடக்கத்தில், பணக்காரக் குழுக்களிடம் ஓக்லாந்து இழந்த மூன்று பேரில் ஒருவராக அவர் பெயர் வருகிறது. லூயிஸ் அவரை அங்கே ஒரு வணிகத் தந்திரத்துக்கு உதாரணமாகப் பயன்படுத்துகிறார். அந்தக் கை எங்கிருந்து, எத்தனை கத்திக்குத் தப்பி வந்தது என்று ஒரு பக்கம் எழுதியிருந்தால் புத்தகமே வேறு மாதிரி ஆகியிருக்கும்.

இருபது வருடம் கழித்து அதே மெட்ஸ் அதே கதையை மறுபடி எழுதியது. 2015இல் மேட் ஹார்வி, ஜேகப் டிகிராம், நோவா சிண்டர்கார்ட், ஸ்டீவன் மேட்ஸ், காயத்தில் இருந்த ஸாக் வீலர். அடுத்த பத்து வருடத்துக்கு இவர்களை யாராலும் அசைக்க முடியாது என்று எழுதாத பத்திரிகை இல்லை. இந்த ஐவரும் ஒருவர் பின் ஒருவராக ஒரே சுற்றில் எறிந்தது முதன்முதலாக 2018 ஏப்ரலில். அதற்குள் ஹார்வி முடிந்துபோயிருந்தார். முழங்கை அறுவை சிகிச்சைக்குப் பிறகான முதல் பருவத்தில், 180 இன்னிங்ஸோடு நிறுத்த வேண்டும் என்று அவருடைய முகவர் சண்டை போட்டார். ஊரே ஹார்வியைக் கோழை என்று திட்டியது. அவர் 216 எறிந்தார். உலகத் தொடரின் கடைசி ஆட்டத்தில், எட்டு இன்னிங்ஸ் முடிந்து வெளியே வா என்று கூப்பிட்டபோது முடியாது என்று ஒன்பதாவதற்கும் போனார். அந்த இன்னிங்ஸில்தான் ஆட்டம் கைநழுவியது. அடுத்த வருடமே தோள் பக்கத்தில் இன்னொரு அறுவை சிகிச்சை. ஐவரில் உச்சத்தைத் தொட்டவர் டிகிராம். ஒன்பதாவது சுற்றில் எடுக்கப்பட்டவர், கல்லூரியில் பெரும்பாலும் வேறு இடத்தில் ஆடியவர், 25 வயதுக்குப் பிறகே மேல்மட்டத்துக்கு வந்தவர். இரண்டு முழுப் பருவத்தை இழந்து ஊர் மறந்துபோன வீலர், ஃபிலடெல்ஃபியாவுக்குப் போய் வருடா வருடம் சோர்வில்லாமல் எறிகிற ஆளாக மாறினார். ஐவருக்கும் பொதுவாக ஒன்று உண்டு. எல்லோருடைய முழங்கையும் ஒருமுறையாவது வெட்டித் தைக்கப்பட்டிருக்கிறது.

அந்த அறுவை சிகிச்சைக்கு டாமி ஜான் என்று பெயர். 1974இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப் அதை முதலில் செய்துகொடுத்த பிட்ச்சரின் பெயர் அது. முழங்கையின் உட்பக்கம் எலும்போடு எலும்பைக் கட்டிவைத்திருக்கிற நார் அறுந்துபோனால், உடம்பின் வேறு இடத்திலிருந்து ஒரு தசைநாணை எடுத்து, எலும்பில் துளைபோட்டுக் கோர்ப்பார்கள். இதைப் பற்றி நான் படித்ததில் தூக்கத்தைக் கெடுத்தது ஒரு எண். ஒவ்வொரு வேகமான எறிதலிலும் முழங்கையில் விழுகிற முறுக்குவிசை 60 நியூட்டன் மீட்டரைத் தாண்டுகிறது. இறந்தவர்களின் முழங்கையை வைத்துச் சோதித்தபோது அந்த நார் கிட்டத்தட்ட அதில் பாதியிலேயே அறுந்துவிட்டது. அப்படியானால் ஒவ்வொரு பந்திலும் அறுந்திருக்க வேண்டுமே? சுற்றியுள்ள தசைகள் மீதியைத் தாங்கிக்கொள்கின்றன. தசை களைத்தால் நார் தனியாக மாட்டிக்கொள்ளும். இப்படி ஒரு வடிவமைப்பை நான் மீளாய்வுக் கூட்டத்துக்குக் கொண்டுபோனால் அன்றைக்கே வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள்.

என் வேலை நம்பகத்தன்மைச் சோதனை. ஒரு தொகுதியிலிருந்து 77 சிப் எடுத்து, 125 பாகை வெப்பத்தில் 1000 மணி நேரம் ஓடவிடுவோம். எத்தனை செத்தன என்று எண்ணுவோம். அந்த எண்ணிக்கையிலிருந்து மற்ற லட்சக்கணக்கான சிப்பின் ஆயுளைச் சொல்வோம். சோதித்த 77ஐ யாருக்கும் விற்க மாட்டோம். நம் கணக்கெல்லாம் நிற்பது இந்த ஒரு ஏற்பாட்டின் மேல்: சோதிக்கப்படுகிற பொருள் வேறு, பயன்படுகிற பொருள் வேறு. பிட்ச்சரிடம் அந்தப் பிரிவு கிடையாது. அவன் கை எத்தனை நாள் தாங்கும் என்று தெரிய வேண்டுமானால் அவனை எறியச் சொல்ல வேண்டும். எறிந்தால் ஆயுள் குறையும். பதினான்கு வயதில் அவன் எறிந்து காட்டிய ஒவ்வொரு கண்காட்சிப் பந்தும் அவன் விலையை ஏற்றிக்கொண்டே அவன் நாரைத் தேய்த்திருக்கும். தரவு அதிகம் என்றால் தேய்மானமும் அதிகம். இந்த விஷயத்தில் என் மேலாளரின் கையெழுத்து எனக்கு இப்போது வேறு மாதிரிப் படிக்கக் கிடைக்கிறது.

வேறு வழியில் முயன்றவர்களும் உண்டு. சிகாகோ கப்ஸின் மார்க் பிரையரை 2001இல் நாட்டின் இரண்டாவது தேர்வாக எடுத்தபோது, அவர் எறிகிற முறையே குறையில்லாதது, இந்தக் கை உடையாது என்றார்கள். 2003இல் 18 ஆட்டங்களை வென்றார். செப்டம்பரில் ஒரே ஆட்டத்தில் 130 பந்துகளைத் தாண்டியது ஒருமுறை இல்லை, பலமுறை. 25 வயதில், 2006 ஆகஸ்டில், கடைசியாக மேல்மட்டத்தில் எறிந்தார். பயிற்சியாளர் டஸ்டி பேக்கர் கையை நாசமாக்கிவிட்டார் என்று ஒரு கட்சி. நடுவில் இன்னொரு ஆட்டக்காரரோடு மோதி விழுந்ததும், அடித்த பந்து நேராக முழங்கையில் வந்து விழுந்ததும் காரணம் என்று இன்னொரு கட்சி. ஒரு இளம் பிட்ச்சர் முந்திய வருடத்தைவிட 30 இன்னிங்ஸுக்கு மேல் கூட்டி எறிந்தால் உடைவான் என்று டாம் வெர்டூச்சி என்ற பத்திரிகையாளர் ஒரு விதி சொன்னார். பிறகு சோதித்துப் பார்த்தவர்களின் கையில் அந்த விதி நிற்கவில்லை. பிரையர் இப்போது லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கு பிட்ச்சர்களின் பயிற்சியாளர்.

இந்த இடத்தில் இன்னொரு புத்தகத்தைச் சொல்ல வேண்டும். ஜெஃப் பாசன் 2016இல் எழுதிய ‘தி ஆர்ம்’. லூயிஸின் நடை இவருக்குக் கிடையாது. குற்றவாளியைத் தேடி எல்லாத் திசையிலும் ஓடுகிறார்: சிறுவர் கண்காட்சிப் போட்டிகளை நடத்தும் வியாபாரம், எடை கூடிய பந்தில் பயிற்சி, ஜப்பான். அங்கே 2013இல் தொமோஹிரோ அன்ராக்கு என்ற 16 வயதுப் பையன் ஒரு பள்ளிப் போட்டித்தொடரில் 772 பந்துகள் எறிந்தான். படிக்கும்போது எனக்கு அக்கா ஞாபகம். இந்த ஓட்டத்தில் புத்தகம் சில இடங்களில் சிதறுகிறது, நூறு பக்கம் குறைத்திருக்கலாம் என்றுகூடத் தோன்றும். ஆனால் பாசன் செய்த ஒன்று லூயிஸ் செய்யாதது. இரண்டாவது தடவையாக முழங்கை அறுந்த இருவரை, டேனியல் ஹட்சன், டாட் காஃபி, எறிய முடியாத மாதங்களில் பின்தொடர்ந்தார். எண் எதுவும் உற்பத்தியாகாத மாதங்கள் அவை. அட்டவணையில் வெற்றிடமாக இருக்கிற அந்த வருடத்தில் ஒரு மனிதன் தன் கையை மறுபடி பழக்குகிறான், சம்பளம் நிற்குமா என்று கணக்குப் போடுகிறான். காஃபி மேல்மட்டத்துக்குத் திரும்பவில்லை. ஹட்சன் திரும்பினார். புத்தகம் வந்து மூன்று வருடம் கழித்து, 2019 உலகத் தொடரின் கடைசிப் பந்தை வாஷிங்டனுக்காக எறிந்தவர் அவர்தான். இருவரில் யார் தேறுவார் என்று பாசன் எங்கும் அடித்துச் சொல்லவில்லை. முதல் வாசிப்பில் அதைக் கோழைத்தனம் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. எங்கள் தொழிற்சாலையில் வருடக் கடைசியில் இளம் பொறியியலாளர்களை ஒன்பது கட்டத்தில் நிரப்புகிற ஒரு தாள் உண்டு, ‘எதிர்காலத் திறன்’ என்பது அதில் ஒரு அச்சு. போன வருடம் முதல் தடவையாக நானும் மூன்று பேர் பெயரை அதில் எழுத வேண்டியிருந்தது. எழுதினேன். பென்சிலால்.

பீனுக்கு ஒரு நியாயம் செய்துவிட வேண்டும். 2004 டிசம்பரில், புத்தகம் வந்து ஒன்றரை வருடத்தில், அவர் ஹட்சனையும் மல்டரையும் சில நாள் இடைவெளியில் கைமாற்றிவிட்டார். ஸீட்டோவை மட்டும் வைத்துக்கொண்டார். ‘மணிபால்’ சொல்லாமல் விட்ட பாடம் இதில்தான் இருக்கிறது: கைகளுக்கு ஆயுள் உண்டு, உடைவதற்கு முன்னால் விற்றுவிட வேண்டும். அதிலும் பாதி சரி, பாதி தப்பு. மல்டருக்கு மாற்றாக வந்த டேன் ஹாரன் நன்றாக ஆடினார். ஹட்சனுக்கு மாற்றாக வந்தவர்கள் சோபிக்கவில்லை. ஓக்லாந்தைவிட்டுப் போன பிறகு, மூவரிலும் அழகான உடம்பு கொண்ட மல்டர் வென்றது 22 ஆட்டம். தோள் போய், 31 வயதுக்கு முன்பே கடைசிப் பந்தை எறிந்துவிட்டார். 12 கோடியே 60 லட்சம் டாலருக்கு ஜயன்ட்ஸ் வாங்கிய ஸீட்டோ 63. டாமி ஜான் அறுவை சிகிச்சைக்கும் ஆளான, உயரம் குறைந்த ஹட்சன் 130.

2015 செப்டம்பர் 26, ஓக்லாந்து மைதானம். ஹட்சனுக்கு வயது 40, ஜயன்ட்ஸ் சட்டை. ஸீட்டோ அந்த வருடம் முழுக்கக் கீழ்மட்ட லீகில் எறிந்துவிட்டு, பழைய ஓக்லாந்து சட்டையில் திரும்பி வந்திருந்தார். இருவரும் எதிரெதிராக ஆட்டத்தைத் தொடங்கினார்கள். மல்டரும் மைதானத்துக்கு வந்திருந்தார். தரவாகப் பார்த்தால் படுமோசமான ஆட்டம். இரண்டு பேராலும் மூன்றாவது இன்னிங்ஸைத் தாண்ட முடியவில்லை. ஒருவர் பின் ஒருவராக வெளியே வந்தபோது மைதானமே எழுந்து நின்றது. காணொளியை அக்காவுக்கு அனுப்பினேன். யாருடா இவங்க, இவ்வளவு அடி வாங்கியும் கைதட்டுறாங்க என்று கேட்டாள்.